பிளாஸ்க்கில் இருந்த ஐஸ்

என் செருப்பு வார் அறுந்ததற்கு நான் செருப்பைத்தான் குறை சொன்னேன். அருப்புக்கோட்டையில் வாங்கி அதிக நாள் ஆகவில்லை. கடைக்காரரிடம் முறைப்படி பேசுவதற்காக ரசீதைக்கூடத் தேடி எடுத்து வைத்திருந்தேன். என் மனைவி எஸ்தர் குனிந்து என் காலைப் பார்த்தாள்.

"செருப்பு செருப்பாத்தான் இருக்கு. காலுதான் காலா இல்ல," என்றாள்.

கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. நாங்கள் இருவரும் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நிரம்புவதாகத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. திருச்சுழி தாலுகா ஆபீஸில் துணை தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எந்தக் காரியத்துக்கும் ஒரு நடைமுறை உண்டு, அது தெரிந்தவனுக்குக் கஷ்டம் வராது என்று நம்பிப் பிழைத்தவன் நான். ரத்தக்கொதிப்பு இருந்தது. அதற்கு மாத்திரையும் இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. அவர்களில் யாராவது படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டை டாக்டர் சிறுநீரையும் ரத்தத்தையும் பார்த்துவிட்டு, கிரியேட்டினின் ஏறியிருக்கிறது என்றார். கிரியேட்டினின் என்பது தசைகள் தினமும் ஒதுக்கும் கழிவு. அதை வெளியே அனுப்புவது சிறுநீரகத்தின் வேலை. அனுப்பாமல் விட்டால் ரத்தத்தில் தங்கும். ஆபீஸ் பாஷையில் சொன்னால் நிலுவை. எனக்குப் புரிந்தது. நிலுவை ஏறுகிறது என்றால் வேலை பார்க்கிறவன் சரியில்லை என்று அர்த்தம்.

மதுரைக்கு அனுப்பினார்கள். அந்த ஆஸ்பத்திரியில் முதல் வரிசை டோக்கனுக்கு, இரண்டாவது வரிசை பணம் கட்ட, மூன்றாவது வரிசை டோக்கனும் பணமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க. தாலுகா ஆபீஸில் இந்த மூன்று தாமதத்தையும் நாங்கள் ஒரே ஆளை வைத்துச் செய்திருப்போம். காத்திருக்கும் கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருடைய முகமும் ஒரே நிறத்தில் இருந்தது, பழைய காகிதத்தின் நிறம். நான் அவர்களைப் பரிதாபமாகப் பார்த்தேன். அவர்களும் என்னை அப்படியே பார்த்தார்கள். 

சிறுநீரக டாக்டர் ஒரு அம்மா. மெதுவாகப் பேசுவார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"ரெண்டும் சுருங்கியிருக்கு. கால்வாசிதான் வேலை செய்யுது."

"மருந்து சாப்பிட்டா மிச்சம் திரும்பி வந்துருமாம்மா?"

"வராது. இருக்கிற கால்வாசியைக் காப்பாத்தலாம். அதுவே பெரிய வேலை."

நடைமுறைகளை அவரே சொன்னார். உப்பு குறைக்க வேண்டும். காய்களை நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இடது கையில் யாரையும் ஊசி குத்த விடக்கூடாது. ஒருநாள் டயாலிசிஸ் தேவைப்பட்டால் அந்தக் கையின் நரம்புதான் வேண்டும். டயாலிசிஸ் என்றால் ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் கழுவி, திரும்ப உடம்புக்குள் விடுவது. கடைசியாகத் தண்ணீர். காலையில் ஒரு சொம்பில் அளந்து வைத்துவிட வேண்டும். காபி, ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அந்தச் சொம்புக்குள் அடங்க வேண்டும்.

எங்கள் ஊர் வெயிலைப் பார்க்காதவர்களுக்கு இந்தக் கடைசி விதி சாதாரணமாகப் படலாம். சித்திரை மாதம் திருச்சுழியில் பஸ் ஏறினால் சீட்டே சுடும். வழியெல்லாம் கருவேல மரம்தான், அதற்கு நிழல் கிடையாது.

"தாகத்துக்கு என்ன செய்ய?" என்று எஸ்தர் கேட்டாள்.

"தண்ணி குடுத்துராதீங்க. சின்ன ஐஸ் துண்டு ஒண்ணை வாயில போடச் சொல்லுங்க. ரொம்ப நேரம் நிக்கும்," என்றார் டாக்டரம்மா.

அன்றிலிருந்து அது எஸ்தரின் இலாகா ஆனது. வாய் அகலமான ஒரு சிவப்பு பிளாஸ்க் வாங்கினாள். எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் கரண்ட் இருக்கும்போது மட்டும்தான் பிரிட்ஜ்; மற்ற நேரத்தில் அலமாரி. அதனால் வெளியூர் கிளம்பினால் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சர்பத் கடையில் ஐஸ் வாங்கி உடைத்து நிரப்பிக்கொள்வாள். நான் கண்ணை மூடியபடி கையை நீட்டுவேன். உள்ளங்கையில் ஒரு துண்டு விழும். கோயில் பிரசாதம் மாதிரி என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனாலும் அவர் சொன்னது சரி.

சில மாதம் இப்படி ஓடியது. பிறகு ஒருநாள் மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் ஒரு இறுக்கம். வலி என்று சொல்ல முடியாது. யாரோ சட்டையை முன்னால் கொத்தாகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பது போல. மறுநாள் மதுரையில் படுக்க வைத்துவிட்டார்கள்.

எஸ்தரின் தம்பி ஜெயராஜ் பாளையம்பட்டியில் டயர் கடை வைத்திருக்கிறவன். கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றான். பணம் கட்டும் ஜன்னலில் அவன்தான் நிற்பான். நான் பில்லைப் பார்க்கக் கை நீட்டினால் பைக்குள் சொருகிக்கொள்வான்.

"குடுறா, கணக்குச் சரியா இருக்கான்னு பாக்கணும்."

"அத்தான், இது உங்க டிபார்ட்மெண்டு இல்ல. நீங்க மூச்சு விடுங்க. அது போதும்."

பக்கத்துக் கட்டிலில் காசிம் பாய். மல்லாங்கிணறுக்காரர். வளைகுடாவில் பல வருஷம் கட்டட வேலை பார்த்து, வீட்டையும் கட்டி, சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டு வந்தவர். என்னைத் தாசில்தார் சார் என்றுதான் கூப்பிடுவார். துணை தாசில்தார் என்று திருத்தினேன்.

"இங்க எல்லாத்துக்கும் ஒரே பாவாடைதான சார், பின்னால முடிச்சுப் போட்டது. இதுல துணை என்ன, மெயின் என்ன?" என்றார்.

அவர்தான் எனக்கு அந்தச் சேதியைச் சொன்னவர். டாக்டர்கள் சுற்றி வளைத்துச் சொல்வதை இட்லி தின்றுகொண்டே சொன்னார்.

"நம்மள மாதிரி ஆளு கிட்னியில சாகுறத விட நெஞ்சுல சாகுறதுதான் ஜாஸ்தி சார். இது கெட்டா அதையும் கூட இழுத்துக்கிட்டுப் போகும்."

அதன் பிறகு சட்டையைப் பிடித்த அந்தக் கை ராத்திரியெல்லாம் விடவே இல்லை. உண்மையான இறுக்கமா, பயமா என்று பிரித்துச் சொல்ல எனக்கு எந்த நடைமுறையும் தெரியவில்லை.

இதய டாக்டர் இளைஞர். வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள்; நெஞ்சில் கம்பிகளை ஒட்டி இதயத்தின் துடிப்பைக் காகிதத்தில் வரைவது. அது இரண்டுங்கெட்டானாக வந்தது. ஓடும் பட்டையில் நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். கொஞ்ச தூரத்திலேயே மூச்சு முட்டியது. ரத்தசோகையால் முட்டுகிறதா, அடைப்பால் முட்டுகிறதா என்று அதுவும் சொல்லவில்லை. சிறுநீரகம் கெட்டால் ரத்தம் ஊறுவதும் குறையுமாம். ஒரு சின்ன உறுப்புக்கு இத்தனை பொறுப்பை யார் ஒப்படைத்தார்களோ.

"ஆஞ்சியோகிராம் செஞ்சிரலாம்," என்றார் இதய டாக்டர்.

தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயம் வரை ஏற்றி, அதில் ஒரு சாயத்தைச் செலுத்திப் படம் பிடிப்பது அது. அடைப்பு எங்கே என்று தெரிந்துவிடும். பிரச்சினை சாயத்தில் இருந்தது. அது உடம்பை விட்டு வெளியேற ஒரே வழி சிறுநீரகம்தான். எனக்கு இருந்ததோ கால்வாசி.

"அந்தச் சாயத்துல இருக்கிறதும் போயிரலாம். போச்சுன்னா வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ், வாழ்நாள் பூரா," என்றார் சிறுநீரக டாக்டரம்மா.

"செய்யாம விட்டு அட்டாக் வந்தா?" என்றார் இதய டாக்டர்.

இருவரும் என் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று மிக மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். ஒரே சர்வே நம்பருக்கு இரண்டு பேர் பட்டா கேட்டு வந்த வழக்குகள் நான் எத்தனையோ பார்த்தவன். இந்தத் தடவை நிலமாகக் கிடந்தது நான்.

கடைசியில் இதய டாக்டர்தான் ஒரு வழி சொன்னார். ஹோமோசிஸ்டீன் என்று ஒன்று உண்டு. நாம் தின்னும் பருப்பு, முட்டை, கறி இவற்றின் புரதத்திலிருந்து உடம்புக்குள் உண்டாவது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது ரத்தத்தில் கூடிப்போகும். கூடினால் ரத்தக்குழாயின் உள்பக்கத்தை அரித்து அடைப்புக்கு வழி செய்கிறது என்று இப்போது நினைக்கிறார்கள். எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். ஓரளவு என்றால் மருந்தோடு காத்திருக்கலாம். மிக அதிகம் என்றால் ஆஞ்சியோகிராமைத் தள்ளிப்போட அவருக்குத் தைரியம் இல்லை.

ஆக, என் மிச்சமுள்ள கால்வாசி ஒரு எண்ணின் கையில் இருந்தது. அந்த எண்ணும் பம்பாயிலிருந்து வர வேண்டும். அந்தப் பரிசோதனை அப்போது மதுரையில் இல்லை. ரத்தத்தைப் பக்குவப்படுத்தி அங்கே அனுப்புவார்கள்.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுக்கச் சொன்ன நாளில் போனேன். மதுரை லேபில் இருந்தவர் என் வலது கையை மாற்றி மாற்றிக் குத்தினார். நரம்பு அகப்படவில்லை. இடது கையைப் பார்த்தார். நான் பின்னால் இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் உத்தரவைச் சொன்னேன்.

"அருப்புக்கோட்டையில் ஒரு சிஸ்டர் இருக்காங்க. அவங்க எடுத்தா வரும்," என்றேன்.

"அப்ப அங்கயே எடுத்துட்டு வாங்க சார். எடுத்த உடனே ஐஸ்ல வச்சு, சீக்கிரமாக் கொண்டாந்துரணும்," என்று ஊதா மூடி போட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கொடுத்தார்.

"தெரியும்," என்றேன். எனக்குத் தெரியாது. ஆனால் அப்படிச் சொல்லியே வேலை பார்த்துப் பழகிவிட்டது.

அந்த வாரமே திருச்சுழியிலிருந்து விடியற்காலை பஸ் ஏறினோம். அருப்புக்கோட்டையில் எஸ்தர் வழக்கம்போல் ஐஸ் வாங்கி பிளாஸ்க்கை நிரப்பிக்கொண்டாள். சகாயமேரி சிஸ்டர் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் இருந்தார். என் கையைப் பிடித்து, தட்டி, தடவி, ஒரே குத்தில் எடுத்தார்.

"எத்தனை பேரு மனுவுல கையெழுத்துப் போடாம இழுத்தடிச்ச கை. இப்ப என்ன நடுக்கம் நடுங்குதுய்யா!" என்றார்.

நான் அதற்குள் லேபிள் எழுத ஆரம்பித்திருந்தேன். பெயர், வயது, தகப்பனார் பெயர், எடுத்த நேரம். பிரதி ஒன்று எனக்கு. லேபிளின் ஓரத்தில் பாதி குழாயிலும் பாதி காகிதத்திலுமாகக் கையெழுத்துப் போட்டேன், யாரும் மாற்ற முடியாதபடி.

"ஐஸ் கொண்டாந்திருக்கீகளாம்மா?" என்று சிஸ்டர் எஸ்தரிடம் கேட்டார்.

"இந்தா இருக்கே."

சிஸ்டர் குழாயைப் பாலிதீன் பையில் சுற்றி, சிவப்பு பிளாஸ்க்கின் ஐஸுக்கு நடுவே சொருகி மூடினார். என்னைப் பார்த்து, "ஐஸ் குறையாம பாத்துக்கங்கய்யா," என்றார்.

"அதெல்லாம் தெரியும் சிஸ்டர்."

மதுரை பஸ் பாளையம்பட்டியைத் தாண்டுமுன்பே வெயில் ஏறிவிட்டது. வெறும் வயிறு. ரத்தம் கொடுத்த களைப்பு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. கண்ணை மூடியபடி கையை நீட்டினேன். ஒரு துண்டு விழுந்தது.

காரியாபட்டிக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸின் பின் டயர் போனது. மாற்று டயரிலும் காற்று இல்லை. டிரைவர் இறங்கி அதை ஒரு உதை உதைத்தார். கண்டக்டர் காற்றடிக்க ஆள் தேடிப் போனார். எல்லோரும் பஸ்ஸின் நிழலில் நின்றோம். நிழல் சுருங்கச் சுருங்க நாங்களும் நெருங்கினோம். "என் மச்சினன் டயர் கடைதான் வச்சிருக்கான்," என்று டிரைவரிடம் சொன்னேன். "அவரு இங்கயா இருக்காரு?" என்றார். இல்லை. அதோடு பேச்சு முடிந்தது.

"ரொம்ப வறண்டுபோச்சா?" என்று எஸ்தர் கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு இன்னொரு துண்டு கொடுத்தாள். பிறகு இன்னொன்று. டாக்டரம்மா சொன்னபடி சின்னச் சின்னத் துண்டாகத்தான் கொடுத்தாள். விதி மீறவே இல்லை.

மதுரை லேபை அடைந்தபோது சாப்பாட்டு நேரம். அங்கேயும் உட்கார்ந்திருந்தோம். பிறகு ஒருவர் வந்து குழாயை வாங்கி, லேபிளைப் படித்து, "ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க சார்," என்றார். அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினேன்.

முடிவுக்குக் காத்திருந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒவ்வொரு படியிலும் நின்று நெஞ்சைக் கேட்டுக்கொண்டேன். ஜெயராஜ் வரும்போதெல்லாம் "எப்படி இருக்கு அத்தான்?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமல் அக்கா முகத்தைப் பார்ப்பான். எஸ்தர் ஜெபத்தில் 'ஹோமோசிஸ்டீன்' என்று சொல்லிப் பார்த்து, வராமல், "அந்த பம்பாய்க் காரியத்தை நீரே பாத்துக்கொள்ளும்" என்று முடித்துக்கொள்வாள்.

எண் வந்தது. இருக்க வேண்டிய அளவைப் போல் இரண்டரை மடங்கு.

இதய டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்தத் தடவை மெதுவாகப் பேசினார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "இனிமே தள்ளிப்போட வேண்டாம் சார். அட்மிட் ஆயிருங்க. நாளைக்கே செஞ்சிருவோம்."

சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டேன். ஆயிரம் தாளில் அடுத்தவர்களைக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன், கீழே என்ன அச்சடித்திருக்கிறது என்று அவர்கள் படிக்கவிடாமல். இதை முழுதாகப் படித்தேன். படித்திருக்க வேண்டாம்.

மதியம் டயாலிசிஸ் அறைக்குப் போய்க் காசிம் பாயைப் பார்த்தேன். நான் வீட்டுக்குப் போன பிறகு அவருக்கும் ஆஞ்சியோகிராம் செய்திருந்தார்கள். கையிலிருந்து இரண்டு குழாய்கள். அவருடைய ரத்தம் ஒன்றில் போய் இன்னொன்றில் வந்துகொண்டிருந்தது.

"சாயம் போட்டாகளா பாய்?"

"போட்டாக. அடைப்பு இருந்துச்சு, பெரிய அடைப்பு. பாக்காம விட்டிருந்தா போயிருப்பேன். அதனால தப்பு சொல்ல மாட்டேன் சார்." மிஷினைக் கண்ணால் காட்டினார். "ஆனா அதுக்கப்புறம் கிட்னி சுத்தமா நின்னுபோச்சு. இப்ப இதுக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருக்கேன். வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து முகத்தைக் காட்டாட்டி கோவிச்சுக்கிரும்."

"எனக்கு நாளைக்கு."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "உங்களுக்கும் அடைப்பு இருந்தா செய்யத்தான வேணும் சார். இல்லாம இருந்து செஞ்சாத்தான் அநியாயம்," என்றார்.

கட்டிலுக்குத் திரும்பி அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். இல்லாமல் இருந்தால்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் சாயம். சாயத்தைப் போட்டால்தான் போடாமல் இருந்திருக்கலாம் என்பது தெரியும். இப்படி ஒரு நடைமுறையை எங்கள் இலாகாகூட யோசித்ததில்லை.

சாயங்காலம் சிறுநீரக டாக்டரம்மா சுற்றி வந்தார். ஜெயராஜ் கால்மாட்டில் நின்றான். அவர் பம்பாய்த் தாளை எடுத்துப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"உங்க மத்த ரிப்போர்ட்டுக்கு இது ரொம்ப ஜாஸ்தியா இருக்கே. ரத்தம் எங்க எடுத்தீங்க?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது என் இடம். "அருப்புக்கோட்டையில எடுத்தது மேடம். லேபிள், நேரம், கையெழுத்து எல்லாம் முறைப்படி. பிரதி என்கிட்ட இருக்கு. ஐஸ்ல வச்சுத்தான் கொண்டு வந்தோம்."

"லேபுல குடுக்கிறப்ப ஐஸ் இருந்துச்சா?"

நான் எஸ்தரைப் பார்த்தேன். அது அவள் இலாகா.

"எங்கம்மா இருந்துச்சு?" என்றாள் எஸ்தர், சாதாரணமாக. "வழியில டயரு வெடிச்சுப்போச்சு. இவுகளுக்கு நா வறண்டு கண்ணு சொருகிருச்சு. பாதி ஐஸை இவுக தின்னுட்டாக. மிச்சம் உருகிப்போச்சு. வெறும் தண்ணி எதுக்குன்னு அங்கயே கீழ ஊத்திட்டு, குழாயை நல்லாத் தொடைச்சுத்தான் லேபுல குடுத்தேன்."

டாக்டரம்மா கையிலிருந்த தாளைக் கட்டிலில் வைத்தார்.

"அந்த ஐஸையா?" என்றார் டாக்டரம்மா.

"வேற எந்த ஐஸு? நீங்கதானம்மா தாகத்துக்கு ஐஸ் குடுக்கச் சொன்னீக. கண்ணாடிக் குழாய் பஸ்ஸுல ஆடி உடையாம இருக்கத்தான் சிஸ்டர் அதுக்குள்ள சொருகுனாகன்னு நெனச்சேன்." அப்போதுதான் அவளுக்கு ஏதோ உறைத்தது. "ஏம்மா, தப்பா?"

ஜெயராஜ் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். அவன் தோள் குலுங்கியது.

டாக்டரம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தெரிந்து எந்த டாக்டரும் நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்ததில்லை. பிறகு எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினார். ரத்தத்தை வெளியே எடுத்த பிறகும் அதில் உள்ள சிவப்பணுக்கள் சும்மா இருப்பதில்லை. அதே ஹோமோசிஸ்டீனைக் கக்கிக்கொண்டே இருக்கும். ஐஸில் வைத்தால் அடங்கியிருக்கும். லேபில் அணுக்களைப் பிரித்து எடுத்த பிறகுதான் நிற்கும். வெயிலில், ஐஸ் இல்லாமல், அவ்வளவு நேரம் கிடந்த ரத்தம் தன் பங்குக்கு எண்ணை ஏற்றிவிட்டது. எவ்வளவு என்னுடையது, எவ்வளவு பஸ்ஸினுடையது என்று இனிமேல் சொல்ல முடியாது.

"அப்ப நாளைக்கு?" என்றேன்.

"நான் பேசிக்கிறேன். இந்த எண்ணை வச்சு முடிவு பண்ண வேண்டாம். இதைக் குறைக்கிற மாத்திரையும் இன்னும் ஆரம்பிக்க வேண்டாம். திரும்ப எடுங்க. அதே சிஸ்டர்கிட்ட எடுங்க. ஆனா..." என்று என்னைப் பார்த்தார். "சார், இந்தத் தடவை ஐஸைச் சாப்பிடாதீங்க."

அவர் போனதும் ஜெயராஜ் ஜன்னலிலிருந்து திரும்பினான். கண்ணெல்லாம் தண்ணீர்.

"எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டீகளே அத்தான், அந்த ஐஸுல போட்டீகளா?"

எஸ்தர் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான்தான குடுத்தேன்," என்றாள். "நாளைக்கு அந்தச் சாயத்தைப் போட்டு எல்லாம் போயிருந்தா, நான் குடுத்ததுலதான போயிருக்கும்."

 சிஸ்டர் சொன்ன வார்த்தை என் காதில்தான் விழுந்தது. ஐஸ் விழுந்தது என் கையில்தான். இரண்டும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. "தின்னவன் நான்," என்றேன்.  அவள் எழுந்து வந்து என் போர்வையைச் சரி செய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

இரண்டாவது தடவை எஸ்தர் இரண்டு பிளாஸ்க் கொண்டுவந்தாள். சிவப்பு எனக்கு. புதிதாக வாங்கிய நீலம் ரத்தத்துக்கு. சகாயமேரி சிஸ்டருக்குச் சேதி ஏற்கனவே போயிருந்தது. ரத்தம் எடுத்து நீல பிளாஸ்க்கில் வைத்ததும் மூடியைச் சுற்றிக் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை இழுத்து இழுத்து ஒட்டினார்.

"பல்லால கடிச்சாலும் வராதுய்யா," என்றார்.

பஸ்ஸில் எஸ்தர் நீல பிளாஸ்க்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், கைக்குழந்தையைப் போல. சிவப்பு என் காலடியில் இருந்தது. அன்று டயர் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் காரியாபட்டி வருமுன்பே சிவப்பில் இருந்தது தீர்ந்துவிட்டது. பயம் தாகத்தைக் கூட்டும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நாக்கு கட்டையாகிவிட்டது. பழக்க தோஷத்தில் கண்ணை மூடிக் கையை நீட்டிவிட்டேன்.

ஒன்றும் விழவில்லை.

கண்ணைத் திறந்தேன். எஸ்தர் நீல பிளாஸ்க்கை என் பக்கத்திலிருந்து எடுத்து ஜன்னல் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். என் வெறும் உள்ளங்கையைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. கை அசையவில்லை. "இது ரத்தத்துக்கு," என்றாள். பிறகு தன் கையை என் கையில் வைத்தாள். பிளாஸ்க்கைப் பிடித்திருந்த கை, சில்லென்று இருந்தது. மதுரை வரும்வரை எடுக்கவில்லை.

லேபில் பிளாஸ்திரியைப் பிரிக்கக் கத்தரிக்கோல் வேண்டியிருந்தது. உள்ளே ஐஸ் ஐஸாகவே இருந்தது.

இந்தத் தடவை எண் ஒன்றரை மடங்கு. சிறுநீரகம் கெட்டவர்களுக்குப் பெரும்பாலும் இருப்பதுதான் என்றார் டாக்டரம்மா. ஆஞ்சியோகிராம் வேண்டாம், மருந்தோடு பார்ப்போம் என்று இதய டாக்டரும் ஒப்புக்கொண்டார். அந்தப் பொருளைக் குறைக்க ஃபோலிக் ஆசிட் மாத்திரை எழுதினார்கள். கீரையில் இருக்கும் சத்துத்தான், மாத்திரை வடிவில். குறைத்தால் நெஞ்சு தப்பிக்குமா என்று கேட்டேன். அது இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்றார் டாக்டரம்மா. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவரை நான் உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்கப் பார்த்ததில்லை. ஆகவே நம்பினேன்.

பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். மாடிப்படியில் இன்னும் நின்று நெஞ்சைக் கேட்கிறேன். சட்டையைப் பிடித்த அந்தக் கை எப்போதாவது வருகிறது, நாக்கடியில் மாத்திரை வைத்தால் விடுகிறது. ஆனால் கால்வாசி இன்னும் என்னிடமே இருக்கிறது. காசிம் பாயை ஆஸ்பத்திரியில் பார்க்கும்போதெல்லாம் முதலில் அதைத்தான் விசாரிப்பார்.

மாதாமாதம் மதுரைக்குப் போகிறோம். ரத்தம் கொண்டுபோகும் வேலை பிறகு வரவில்லை. இருந்தாலும் எஸ்தர் இரண்டு பிளாஸ்க்கையும் நிரப்பி எடுத்து வருகிறாள். போன தடவை கேட்டேன்.

"ரத்தம்தான் இல்லையே. ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு உங்களுக்குக் குடுக்கதுக்கு," என்றாள். "இன்னொண்ணு நீங்க கேட்டாலும் குடுக்காம இருக்கதுக்கு."